சாட்சிக்கு உடல்நலமில்லை

ஜூன் 3, செவ்வாய்

கஸ்பார் வழக்கு இன்று. வாய்தா. வர வேண்டாம் என்று வக்கீல் ஆவுடையப்பன் நேற்றே ஃபோனில் சொல்லிவிட்டதால் வீட்டிலேயே இருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆனாலும் நாட்டுப்படகில் நல்ல நண்டு வந்தது. சமையல்காரி பேச்சித்தாய்க்கு உயிர் நண்டைக் கொல்லத் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கத்தி முனையைக் கண்களுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவேன். கால்கள் கொஞ்ச நேரம் பாத்திரத்தைப் பிறாண்டும், பிறகு ஓயும். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும்.

வழக்கைப் பற்றி ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கஸ்பார் எங்கள் ஐஸ் பிளாண்டில் கம்ப்ரஸர் ஓட்டியவன். மூன்று வருடங்களுக்கு முன் அமோனியா நாற்றம் வருகிறது என்று யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தினான். தொட்டியில் உறைந்துகொண்டிருந்த ஐஸ் எல்லாம் தண்ணீராகப் போயிற்று. என் மகன் லயனல் முற்றத்தில் வைத்து அவனை அறைந்தான். அவன் திருப்பி அறைந்தான், சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும். வேலைநீக்க உத்தரவில் நிர்வாகப் பங்குதாரராக நான் கையெழுத்திட்டேன். என் கணவர் இறந்த பிறகு பிளாண்ட் என் பெயரில்தான் இருக்கிறது. அவன் வேலையைத் திரும்பக் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் போனான். கையெழுத்திட்டவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது அவன் தரப்பு.

நான் மாடி வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். யார் முதலில் அடித்தது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

நண்டு மீந்துவிட்டது. பூனைக்கு.

ஜூன் 24, செவ்வாய்

வாய்தா. இந்த முறை ஆவுடையப்பன் வழக்கிலிருந்து விலகி, அவருடைய மைத்துனர் வக்காலத்துப் போட்டு, வழக்குக் கட்டைப் படிக்க அவகாசம் கேட்டார். அடுத்த முறை மைத்துனர் விலகி இவர் மறுபடி வருவாராம். மாலையில் காபி குடிக்க வந்தவர் இதைக் கல்யாண வீட்டு வேடிக்கை மாதிரிச் சொன்னார். இது நியாயமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தொழிலாளிக்கு வயிறு இருக்கு, கம்பெனிக்கு வயிறு கிடையாதும்மா. வாய்தாவுல அவ்வளவுதான் சங்கதி."

லயனல் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் முதலாளிமேல் கை நீட்டியவனை மறுபடி வாசலுக்குள் விட முடியாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. காபி மேசைத் துணியில் சிந்தியிருந்தது. துவைக்கப் போட்டேன்.

கான்வென்டில் மதர் யூஃப்ரேசியா எங்களை நாட்குறிப்பு எழுதவைப்பார். ‘நினைத்தேன்’, ‘வருந்தினேன்’ என்று எழுதினால் ஸ்கேலின் விளிம்பு விரல் மூட்டில் விழும். செய்ததையும் பார்த்ததையும் மட்டும் எழுத வேண்டும். என் நடுவிரல் மூட்டு இன்றும் சற்றுக் கோணல்தான். நல்ல பயிற்சி.

ஜூலை 8, செவ்வாய்

வாய்தா. கஸ்பார் வேறு இடத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறான், ஆகவே நிவாரணம் கேட்க அருகதையில்லை என்று நம் தரப்பில் புது மனு. இதற்கு அவர்கள் பதில் போட வேண்டும், அதற்கு நாம் பதில் போட வேண்டும். ஆதாரமாக லயனல் ஓர் ஆளை அனுப்பிச் செல்போனில் படம் எடுத்திருக்கிறான். எல்லாம் மங்கல். ஒரு முதுகு தெரிகிறது. அது யார் முதுகாகவும் இருக்கலாம்.

சாட்சி என்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னேன். என் கணவருடைய பைனாகுலரை எடுத்துத் துடைத்தேன். மாடிக் குளியலறை ஜன்னலிலிருந்து மீன் ஏலக்கூடம் முழுவதும் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

பார்த்தேன். கஸ்பார் ஏலக்கூடத்தில் மற்றவர்களுடைய மீன் கூடைகளைக் கொக்கி போட்டு இழுக்கிறான். யாராவது படம் எடுக்கிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கிறான். மேலே பார்ப்பதில்லை.

முறை யாருடையது என்று இரண்டு சுமைக்காரர்களுக்குள் சண்டை. ஒருவன் தராசுக் கல்லை எடுத்து மற்றவன் கன்னத்தில் அடித்தான். வாயிலிருந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது. அவன் குனிந்து மீன் செதிலுக்குள் பல்லைத் தேடினான், கிடைத்ததும் அதைக் கையில் இறுக்கிக்கொண்டே அடித்தவன் மேல் பாய்ந்தான். கஸ்பார் நடுவே புகுந்து பிரித்தான். புகுவதற்கு முன் தன் கொக்கியைத் தூர எறிந்துவிட்டுப் புகுந்தான்.

அதையும் எழுதிவைக்கிறேன், பார்த்தது என்பதால்.

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோவில் கொடியேற்றம் நேற்று. ரோஜா நிறச் சேலை கட்டினேன்.

இரண்டாவது பிளாண்டுக்குக் கடன் வாங்க என் கையெழுத்து வேண்டும் என்று லயனல் கேட்டான். ஒரு பிளாண்டின் அமோனியா குழாயையே மாற்றாதவனுக்கு இரண்டாவது எதற்கு என்றேன். பிறகு குளியலறைக் கதவில் முழங்கையை இடித்துக்கொண்டேன். வீக்கம். ஐஸ் வைத்தேன். ஐஸுக்கு இந்த வீட்டில் பஞ்சமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஐஸ் அரைக்கிற மெஷின் பக்கத்தில் படுத்திருக்கும் செவலை நாயை லயனல் கொன்றுவிட்டான். வண்டியை எடுக்கும்போது எழுந்திருக்கவில்லையாம். ஐஸ் இழுக்கும் கொக்கியால் அடித்தான். முதல் அடி முதுகில் விழுந்து நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு என் படிக்கட்டுக்கு வந்தது. இரண்டாவதைப் படிக்கட்டில் வைத்து அடித்தான். பினாயில் ஊற்றி நானே கழுவினேன். கல்லின் விரிசலில் போனது போகவில்லை.

அவனை அடித்துத்தான் வளர்த்தேன். அவருடைய பெல்ட் இன்னும் அலமாரியில் தொங்குகிறது. அடிக்காமல் வளர்த்திருந்தால் எப்படியிருப்பானோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். பேச்சித்தாய் மஞ்சள் பற்றுப் போட்டாள். அவளுக்கு வாய் அதிகம்.

"ஏம்மா, இந்த வீட்டுக் கதவுக்கெல்லாம் உங்களத்தான் கண்ணு தெரியுமாக்கும்? என்னை ஒருநாளும் முட்ட மாட்டேங்குதே."

வேலையைப் பார் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் வாய்தா.

பிற்பகல். வெயில் நன்றாக இருந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கஸ்பார் கோர்ட்டிலிருந்து நேராக ஏலக்கூடத்துக்கு வந்தான். கோர்ட்டுக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துத் தூணின் ஆணியில் மாட்டினான். பனியனோடு வேலையில் இறங்கினான். நீல வேன் ஒன்று வந்து பின்பக்கமாக நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் எங்கள் பிளாண்டில் சுமை தூக்கும் செல்வின், மஞ்சள் சட்டை. மற்ற இருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருவனுக்குத் தாடி, இன்னொருவன் இடது காலைச் சாய்த்து நடந்தான்.

கஸ்பாரைக் குப்புறத் தள்ளினார்கள். தாடிக்காரன் முதுகில் உட்கார்ந்தான். செல்வின் அவனுடைய வலது கையை இழுத்து ஓர் ஐஸ் பாரின் மேல் நீட்டிப் பிடித்தான். எங்கள் பார். ஓரத்தில் எங்கள் அச்சின் நசுங்கல் இருக்கும், தெரிந்தது. கால் சாய்த்து நடந்தவன் இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து அடித்தான். முதல் அடியில் ஐஸ் விண்டது. அடுத்தது சரியாகக் கை மேல் விழுந்தது. பிறகு மணிக்கட்டில். கை உடைந்த விறகு மாதிரி நடுவில் மடங்கியது. ஐஸ் சிவந்தது. ஐஸில் சிவப்பு வேகமாகப் பரவுவதில்லை, இறங்குகிறது.

கஸ்பார் கத்தியது இங்கே கேட்கவில்லை. பைனாகுலர் கண்ணாடிக்குள் அவன் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஏலக்காரர் விலை கூவுவதை நிறுத்தவில்லை. அவர் கை ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

வேனின் முன்சீட்டுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அதன் மேல் ஒரு கை. அதில் என் கணவருடைய கைக்கடிகாரம்.

இரவுக்கு வாளை மீன் பொரித்தோம். உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

குளியலறை ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பாட்டு மேசையில் லயனலிடம் சொன்னேன். நீ வேனில் இருந்தாய் என்றேன். அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வைப்பான், நான் பழக்கியது.

"நீங்க ஒண்ணும் பாக்கல, மம்மி."

பார்த்தேன் என்றேன்.

படியில் கால் தவறி விழுந்தேன். கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

பல்லை நானே பிடுங்கிவிட்டேன். கூடை தடுக்கி விழுந்து கஸ்பார் கையை உடைத்துக்கொண்டான் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்களாம். பேச்சித்தாய் கடையில் கேட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வாய்தா. ஆவுடையப்பன் என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்துக் கொண்டுவந்தார். கஸ்பார் மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்வதை நான் நேரில் பார்த்தேன் என்பது அதன் சாரம். சரிதான். ஆனால் ‘இன்றுவரை வேலை செய்துவருகிறார்’ என்று முடிந்திருந்தது. ஆகஸ்ட் பத்தொன்பது வரை என்று மாற்றச் சொன்னேன். லயனல் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். வக்கீல் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தைதானம்மா."

ஒரு வார்த்தைதான், மாற்றுவது எளிது என்றேன். பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாய்தாவுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் போன பிறகு ஸ்டோர் ரூம் கதவில் காதை இடித்துக்கொண்டேன். இன்னும் அந்தப் பக்கம் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வாய்தா. நீதிபதிக்கு மாற்றல். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறார். வாய்தா கேட்டால் பதில் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறாராம். டிசம்பர் இரண்டாம் தேதி நிர்வாகத் தரப்புச் சாட்சியைக் கொண்டுவராவிட்டால் உங்கள் தரப்பு முடிந்ததாக எழுதிவிடுவேன் என்றாராம். இதைச் சொன்னபோது ஆவுடையப்பன் காபியைத் தொடவில்லை.

மழைக்கு முன் கூரை ஓடுகளை ஆள்விட்டுப் பார்க்க வேண்டும். தென்மூலையில் ஒழுகுகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாலையில் அவருடைய கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான்கு வரிசை தள்ளி கஸ்பாரின் மனைவி ஜெசிந்தா அவள் மாமியாருக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள். செவிட்டுக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அம்மா. என்னைத் தெரியுதா?"

ஏன் தெரியாது என்றேன். அவள் கல்யாணத்தில் மோதிரம் விரலில் ஏறாமல் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், கொண்டுவந்தது அவள் சித்தி, பச்சைச் சேலை என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

அவள் சொன்னதிலிருந்து எனக்குத் தெரியவந்தவை: எனக்குச் சர்க்கரை முற்றியிருக்கிறது. தலைசுற்றல் இருக்கிறது. இடுப்பு எலும்பு விலகி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். இப்போது மறதி நோய், சொந்த மகனையே அடையாளம் தெரிவதில்லை. வேறு காரணம் இல்லாத ஒவ்வொரு வாய்தாவிலும் இவற்றில் ஒன்று கோர்ட்டில் சொல்லப்பட்டிருக்கிறது, டாக்டர் சர்ட்டிஃபிகேட்டோடு.

"நீங்க ஞாயிறு பூசைக்கி முன் பெஞ்சில உக்காந்திருக்கறத நானும் பாக்கத்தான் செய்தேன். ஆனா கோர்ட்டுல எழுத்தா குடுத்தாவளே, உள்ளுக்குள்ள என்ன இருக்கோன்னு நெனச்சேன். ஒவ்வொரு சீக்குக்கும் மாதாட்ட ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். பாசத்துலன்னு நெனச்சிராதிய. நீங்க செத்துட்டா அத வெச்சு இன்னும் ரெண்டு வருசம் இழுப்பாவன்னு தோழர் சொன்னாவ."

தோழர் என்றது சங்கத் தலைவர் மாசானமுத்து. கஸ்பாருக்காக வாதாடுகிறவர் அவர்தான்.

என் ஆரோக்கியத்துக்கு என் எதிரியின் வீட்டிலிருந்து மெழுகுவர்த்தி போயிருக்கிறது. கஸ்பாரின் வலது கை இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எந்தக் கைன்னு நான் சொல்லலியே."

அவள் பிடித்த பிடியில் மெழுகு என் கையில் கொட்டியது. சூடு. உதறவில்லை. அவளும் விடவில்லை. விட்டபோது என் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். தோலோடு ஒட்டியிருந்த மெழுகை வீட்டில் வந்து உரித்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆட்டோ பிடித்து ஆவுடையப்பன் அலுவலகம் போனேன். அவர் இல்லை. ஜூனியர் பையனிடம் வழக்குக் கட்டைக் கேட்டேன். தயங்கினான். குடையின் பிடியால் மேசையில் அடித்ததும் கொடுத்தான். ஜெசிந்தா சொன்னது எல்லாம் இருந்தது. கடைசிச் சர்ட்டிஃபிகேட்டைப் படித்தேன். ‘கால நிலை, இட நிலை அறியாதவர். அடிக்கடி விழுந்து காயப்படுகிறார். பேச்சில் தொடர்பில்லை. சாட்சியம் அளிக்கத் தகுதியற்றவர்.’ டிசம்பர் இரண்டாம் தேதி தாக்கல் செய்யத் தயாராக இருந்தது. கையெழுத்திட்ட டாக்டர் கடைசியாக என்னைப் பார்த்தது என் கணவர் இறந்த அன்று.

அதற்குக் கீழே இன்னொரு தாள். மனநிலை சரியில்லாத பங்குதாரருக்குப் பதிலாக மகன் லயனல் கொறாயா நிர்வாகத்தை ஏற்பது பற்றியது. அதில் என் கைரேகைக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். கைரேகை.

ஹென்றியெட்டா கொறாயா கையெழுத்துப் போடத் தெரியாதவள் இல்லை. கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள்.

நவம்பர் 20, வியாழன்

லயனல் மை தடவுகிற டப்பாவோடு வந்தான். டாக்டரும் வந்திருந்தார். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார். வியாழன் என்றேன், உங்கள் தகப்பனாரை அடக்கம் செய்ததும் ஒரு வியாழக்கிழமைதான், மழை பெய்தது, நீங்கள் தாமதமாக வந்தீர்கள் என்றேன். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் போன பிறகு லயனல் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான். நான் விரலை மடக்கிக்கொண்டேன். அவனுக்குப் பலம் அதிகம். விரல் பின்பக்கமாகப் போனபோது சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. பேச்சித்தாய் அரிவாள்மனையோடு ஹாலுக்கு வந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். தாளில் ஒரு நீண்ட கறுப்புக் கோடுதான் விழுந்தது.

கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். கட்டுப் போட்டார்கள். இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து அசிங்கமாக இருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

கண். கதவு.

சாம்பல் நிறச் சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைக்கச் சொன்னேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

லயனல் எழுந்திருப்பதற்கு முன் பேச்சித்தாயுடன் பஸ்ஸில் கிளம்பினேன். மாடிப் படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். எழுபத்து மூன்று வயதில் என் சொந்த வீட்டில்.

கோர்ட் ஹால் பள்ளி வகுப்பறையைவிடச் சிறியது. நான் உள்ளே நுழைந்தபோது ஆவுடையப்பனின் ஜூனியர் சர்ட்டிஃபிகேட்டை நீட்டிக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் எழுந்து நின்று, அந்த அம்மையார் படுத்த படுக்கையாக இருக்கிறார், யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். குட் மார்னிங், மிஸ்டர் ஆவுடையப்பன் என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் யார், எங்கே இருக்கிறேன், எதற்காக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். எனக்கு மறதி என்று எழுத்தில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதை என் முகத்துக்கு நேராக யாராவது நிரூபிக்கட்டும் என்றேன். கூண்டில் ஏறச் சொன்னார். கடவுளறியச் சொல்வதாகச் சொன்னேன்.

கஸ்பார் பின் பெஞ்சில் இருந்தான். வலது கை துண்டுக்குள். அந்த வெள்ளைச் சட்டை.

ஆவுடையப்பன் மெல்ல எழுந்தார். அவருக்கு வேறு வழியில்லை, இருந்த ஒரே நல்ல துருப்பை எடுத்தார். கஸ்பார் வேறு இடத்தில் வேலை பார்த்ததை நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்தேன், ஏலக்கூடத்தில், ஜூலை முதல் என்றேன். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் போதும் என்று அவசரமாக உட்கார்ந்தார்.

மாசானமுத்து எழுந்தார். மெலிந்த மனிதர், குரலும் மெலிந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு முற்றத்தில் முதலில் கை நீட்டியது யார் என்று கேட்டார். என் மகன் என்றேன். கஸ்பார் அடிக்கவே இல்லையா என்றார். அடித்தான், ஓர் அறை, நன்றாகவே அடித்தான் என்றேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு அவர் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜூலையிலேருந்து வேலை பாத்தார்னு சொன்னீங்க. எது வரைக்கும்மா?"

ஆகஸ்ட் பத்தொன்பது, பிற்பகல் வரை என்றேன். அதற்குப் பிறகு அவனால் முடியாது. ஆவுடையப்பன் ஆட்சேபணை என்று எழுந்தார், இது மனுவுக்குச் சம்பந்தமில்லை என்றார். சம்பந்தம் உண்டு, இது உங்கள் மனுதானே என்று நீதிபதி அவரை உட்காரவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சட்டை, தாடி, சாய்ந்த கால், எங்கள் ஐஸ் பார், குழாய் எங்கெங்கே விழுந்தது என்பது. ஐஸ் எப்படி விண்டது என்பதையும். தட்டச்சு செய்கிற பெண் ஓரிடத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீதிபதி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தொடர்ந்தாள். வேனில் இருந்தது யார் என்று கேட்டார்கள். கடிகாரத்தைச் சொன்னேன். கடிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள். என் மகனிடம் என்றேன்.

கஸ்பார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றியாகத் தெரியவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்கிற பார்வை. அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது.

முடிந்தது என்று இறங்கப் போனேன். நீதிபதி நிறுத்தினார்.

"உங்க முகத்துல என்னம்மா? கையில?"

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். அடிக்கடி விழுவார்கள், அதுதான் சர்ட்டிஃபிகேட்டில் இருக்கிறது என்றார். நான் கதவு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை நாள் பழகிய சொல், நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கடவுளறியச் சொல்வதாகச் சற்றுமுன்தான் சொல்லியிருந்தேன். பேச்சித்தாய் வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

என் மகன் என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். போலீசுக்குக் கடிதம் அனுப்ப நீதிபதி உத்தரவிட்டார். ஆவுடையப்பன் சாட்சியை மறுவிசாரணை செய்ய அவகாசம் கேட்டார். பதினாறாம் தேதிக்கு வாய்தா.

வெளியே ஜெசிந்தா என்னருகில் வந்தாள். துப்பவில்லை. என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள், அவள் கணவனிடம் திரும்பிப் போனாள்.

அதே நாள், மாலை

வீட்டுக்கு வந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். பேச்சித்தாய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். வருகிறோம் என்றார்களாம். அவள் வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. அரிவாள்மனையை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். என் கட்டிலில் அவள் உட்காருவது இதுவே முதல் முறை. எழுந்திரு என்று சொல்லவில்லை.

லயனல் வந்துவிட்டான். முதலில் மம்மி, மம்மி என்று கூப்பிட்டான். சின்ன வயதில் பெல்ட்டுக்குப் பயந்து கூப்பிடுகிற அதே குரல். பிறகு ஐஸ் இழுக்கும் கொக்கியை எடுத்து வந்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடித்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வோர் அடிக்கும் மைப்புட்டி மேசையில் துள்ளுகிறது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் கொக்கியின் நுனி ஒருமுறை உள்ளே தெரிந்தது, திருகி வெளியே போயிற்று.

பதினாறாம் தேதி போக வேண்டும். சாம்பல் சேலையை மறுபடி கஞ்சி போடச் சொல்ல வேண்டும்.

உடைத்த பழைய கப்பலின் தேக்கை வாங்கி என் கணவர் இந்த வீட்டுக் கதவுகளைச் செய்தார். நான்கு மாதமாக நான் இவற்றின் மேல் பழி போட்டிருக்கிறேன். கதவு நிற்கிறது.